பாமினிக் கோப்புகளை என்ன செய்வது, பிள்ளைகளுக்கு எந்த விசைப்பலகை?

கேள்வி மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சரிடமிருந்து வந்தது. சுருக்கமாக இதுதான்: பாடசாலையில் மூன்று பழைய கணினிகள். இடமாற்றம் பெற்றுப் போன சேர் ஒருவர் பதினைந்து வருடமாக அடித்து வைத்த வினாத்தாள்கள், மாணவர் இடாப்பு, கடிதங்கள் எல்லாம் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கண்டபடி வருகின்றன. போனில் தமிழ் ஒழுங்காக வருகிறதே, கணினியில் ஏன் இப்படி? அந்தக் கோப்புகளைக் காப்பாற்ற முடியுமா? தரம் ஆறு பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சை எதில் தொடங்குவது? எல்லாரும் செய்வதுபோல் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொண்டால் போதாதா?

டீச்சர், முதலில் மனதை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பென் டிரைவை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே அதை அப்படியே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். நம் பக்கத்து ஈரத்தில் பென் டிரைவை நம்ப முடியாது.

அப்புறம், ஒரு தமிழ்ப் பாட வினாத்தாளைத் திறந்து தலைப்பைப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்று நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்து நிற்கும். அதுதான் 'தமிழ்'. ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது ம-வை மி ஆக்கும் குறி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி என்பது ழ்-இன் தலையில் உள்ள புள்ளி. இந்த ஐந்தும் இதே வரிசையில் இருந்தால் சேர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், அல்லது பாமினியின் வரிசையைப் பின்பற்றும் வேறோர் எழுத்துருவில் அடித்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லலாம்.

கணினிக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. சேர் 'தமிழ்' என்று அடித்தபோது கணினி எழுதி வைத்தது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்களை. அவை ஆங்கிலத்துக்கு உரிய எண்கள். பாமினி செய்ததெல்லாம், 106 வரும் இடத்தில் ஆங்கில ஜே-யின் உருவத்துக்குப் பதிலாகத் த-வின் உருவத்தை வரைந்து காட்டியதுதான். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒருவருடைய நம்பரின் கீழ் இன்னொருவருடைய கொழுந்து நிறையை எழுதிவிட்டால் என்ன ஆகும்? எழுதியவர் பக்கத்தில் இருக்கும்வரை 'அது இன்னாருடையது' என்று சொல்லிச் சமாளிக்கலாம். அவர் மாறிப் போனால் கணக்கு அந்த நம்பர்காரருக்கே போய்விடும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் வினாத்தாளுக்கு நடந்தது இதேதான்.

யுனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியல். அந்த முறையில் தமிழ் எழுத்துக்கே சொந்த எண் உண்டு. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. த 2980, ம 2990, ி 3007, ழ 2996, புள்ளி 3021. இந்த ஐந்து எண்களும் சேர்ந்தால் உலகத்தில் எந்தக் கணினியிலும், எந்தப் போனிலும் அது 'தமிழ்' மட்டும்தான். உங்கள் போனில் தமிழ் ஒழுங்காக வருவதற்குக் காரணம், போன்கள் இந்த முறையைத் தவிர வேறு எதையும் பயன்படுத்துவதில்லை என்பதே.

அந்தச் சேர் ஏன் யுனிகோடில் அடிக்கவில்லை என்று குறை சொல்ல வேண்டாம். யுனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அது உள்ளேயே சேர்ந்து வந்தது விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடுதான். அதற்கு அடுத்து வந்த எக்ஸ்பியிலும் தமிழ் தெரிய வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய், நிறுவும் சீடியைத் தேடிப் போட்டு, தனியாக இயக்க வேண்டும். நம் ஊரில் யாரிடம் அந்தச் சீடி இருந்தது? பாமினியோ ஒரே ஒரு சின்னக் கோப்பு. பழைய பிளொப்பியில் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதோடு, பாமினி எழுத்துகளைத் தட்டச்சுப்பொறியின் வழியிலேயே கேட்கும். தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பை வகுத்தவர் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா. அந்தப் பொறியில் பழகிய கைகளுக்கு, கொம்பை முதலில் அடித்து, க-வை அடுத்து அடித்து, காலைக் கடைசியில் அடித்துக் 'கொ' ஆக்கும் பாமினி இயல்பாகவே வந்தது. நானும் அட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்து முதல் பத்து வருடம் பாமினியில்தான் அடித்தேன்.

இனி மாற்றும் வேலை. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நம் ஈழத்தவரான சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றியை நான் வெகுகாலம் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டினால் அடுத்த பெட்டியில் தமிழ் வந்துவிடும். இவ்வளவுதான் வேலை என்று நினைத்துப் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். மாற்றிய பிறகு வரும் பிழைகள்தான் பெரிய வேலை. அவை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, எண்களுக்கு நடுவே வரும் இ. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது இ. சேர் எங்காவது பத்தாயிரம் என்பதை எண்ணில், நடுவில் ஆங்கிலக் காற்புள்ளி போட்டு எழுதியிருந்தால், மாற்றிய பிறகு அது '10இ000' என்று வந்து நிற்கும். நன்கொடைக் கணக்குக் கடிதத்தில் இது வந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? இலங்கைச் செய்தித் தளங்களில்கூட இதைக் கண்டிருப்பீர்கள். அதே மாதிரி வினாத்தாளில் இடையிடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறிவிடும். ஆகவே ஆங்கிலப் பாட வினாத்தாள்களை மாற்றியில் போடவே வேண்டாம். ஆங்கிலம் கலந்த இடங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாவது, ர-வும் காலும். 'அவர்கள்' என்ற சொல்லைப் பலர் பாமினியில் ர-வுக்குரிய விசையை அடிக்காமல், கால் அடித்து அதன் மேல் புள்ளி வைத்து எழுதினார்கள். அச்சில் ஒரே மாதிரித்தான் இருக்கும். மாற்றினால் 'அவா்கள்' என்று வரும். உற்றுப் பாருங்கள், அது ர் இல்லை, வா-வின் காலுக்கு மேல் புள்ளி. வாசிக்கும்போது பிடிபடாது. ஆனால் 'அவர்கள்' என்று தேடினால் கணினி அதைக் கண்டுபிடிக்காது. இதற்கு வழி எளிது. தமிழில் காலுக்கு மேல் புள்ளியோ, காலோடு ஒட்டி இன்னோர் உயிர்க்குறியோ ஒருநாளும் வராது. அதனால் 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும் கோப்பு முழுக்க ஒரே அடியாகத் தேடி மாற்றலாம். ஒரு பிழையும் வராது.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். பாமினியில் 'கௌ' எழுத வேண்டுமென்றால் கொம்பு, க, ள என்று மூன்றையும் வரிசையாக அடிக்க வேண்டும். மாற்றினால் அது 'கெள' ஆகிவிடும். 'கெளரவம்', 'மெளனம்', 'பெளர்ணமி' என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதை முன்னதைப் போல ஒரே அடியாக மாற்றக் கூடாது. 'வெள' என்பதை எல்லா இடத்திலும் 'வௌ' ஆக்கினால் 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆகிவிடும். ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டும்: கெளர, மெளன, பெளர், செளந், யெளவ. இடாப்பில் பெயர்களைக் கட்டாயம் பாருங்கள். கௌரி, கௌசல்யா என்று வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இருப்பாள். பாதிக் கோப்பில் ஒரு விதமாகவும் பாதிக் கோப்பில் இன்னொரு விதமாகவும் இருந்தால், ஒரே பிள்ளை கணினிக்கு இரண்டு பிள்ளைகளாகத் தெரிவாள்.

பதினைந்து வருட வினாத்தாளையும் இப்படித் திருத்த நேரம் கிடைக்காது. தேவையும் இல்லை. இடாப்பை முதலில் செய்யுங்கள், பிறகு புலமைப்பரிசில் வினாத்தாள்கள். மற்றவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய கணினி ஒன்றில் பாமினி எழுத்துருவை நிறுவி வைத்துக்கொண்டால் எந்தக் கோப்பையும் திறந்து வாசிக்கலாம், அச்சடிக்கலாம். கோப்பே இல்லாமல் அச்சடித்த தாள் மட்டும் மிஞ்சியிருந்தால், போனில் படம் எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் ஆவணமாகத் திறந்தால் எழுத்தாக எடுத்துத் தரும். தெளிவான அச்சுக்கு நன்றாகவே வேலை செய்யும். கையெழுத்துப் பிரதிக்கு நம்ப வேண்டாம்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது போதாதா என்று கேட்டீர்கள். பெரியவர்கள் அவசரத்துக்கு எப்படி அடித்தாலும் அது அவர்கள் பாடு. தமிழ் மொழி மூலத்தில் படிக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைப் பழக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லாமல் அதே மாதிரி ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன்: பழனியம்மா. பிறப்புப் பதிவு சிங்களத்தில் இருந்தது. சிங்களத்தில் ழ இல்லை, ள-வைப் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே ழ-வும் ள-வும் ல-வும் எல்லாம் ஒரே எல். பிறகு யாரோ அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியபோது அவர் 'பலனியம்மா' ஆகிவிட்டார். அடையாள அட்டையில் 'பளனியம்மா'. மூன்று கடதாசியில் மூன்று ஆட்கள். பெயர் பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, தோட்டத்து ஒப்பீசில் இன்னொரு கடிதம் வாங்கி, நாலு தடவை பஸ் ஏறி இறங்கினார். பஸ் காசு யார் கொடுத்தது? அந்த அம்மாவுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியும். 'ழ' போட்டுத்தான் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நான் சத்தியக் கடதாசியை அடித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

நம் மலையக மக்களின் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சிதைந்திருக்கின்றன. தமிழ்ப் பெயர் ஒன்று சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ போய்த் திரும்பி வரும்போது ல ள ழ, ர ற, ந ன ண எல்லாம் கலந்துவிடும். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த மக்கள் நாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. எங்களுக்கு ஒரு கடதாசியில் உள்ள ஓர் எழுத்து எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதும் அதே பயணம்தான். பிள்ளையின் மனதில் 'பழம்' என்று தமிழில் இருக்கிறது. அதை முதலில் ஆங்கில எழுத்தாக்கி, பிறகு கணினி அதைத் திரும்பத் தமிழாக்குகிறது. எந்த ல என்பதைக் கணினி ஊகித்துக் கொடுக்கும், அல்லது எந்த இடத்தில் பெரிய எழுத்தை அடிக்க வேண்டும் என்று பிள்ளை நினைவில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளைக்கு இது இரட்டைப் பாரம். தன் தாய்மொழியில் எழுதுவதற்கு அந்தப் பிள்ளை ஏன் ஆங்கிலத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்?

ஆகவே புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு என் தெரிவு தமிழ் 99. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. இதன் அழகு என்னவென்றால், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணமே அதில் வேலை செய்கிறது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி: மொத்தம் 31 விசைகள். ஷிஃப்ட் விசையைத் தொடவே வேண்டாம். ஆய்தத்துக்கும் ஜ, ஹ, ஷ, ஸ போன்ற எழுத்துகளுக்கும் மட்டும் அது தேவைப்படும். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம் இருக்கின்றன, மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இரண்டு கையும் மாறி மாறி விழும். க அடித்து இ அடித்தால் கி. ஒன்றாம் தரத்தில் 'க் கூட்டல் இ' என்று சொல்லிக்கொடுத்தது அப்படியே விரலுக்கு வருகிறது.

புள்ளி வைப்பதைப் பாருங்கள். 'அக்கா' என்றால் அ, க, க, ஆ. நாலே அடி. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. ந-வுக்குப் பின் த வந்தால் அதற்கும் தானாகப் புள்ளி விழும். ங-வும் க-வும், ஞ-வும் ச-வும், ம-வும் ப-வும் இப்படித்தான். 'கொழுந்து' அடிக்க க, ஒ, ழ, உ, ந, த, உ என்று ஏழு அடி. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்பது. பாமினியிலும் ஏழுதான், ஆனால் ழு, து இரண்டுக்கும் ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். கு, சு, டு, து என்று ஒவ்வோர் உகர எழுத்துக்கும் தனி விசையை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ் 99இல் ஒரே ஒரு இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள்: புள்ளி வேண்டாத இடம். 'மமதை' என்று அடிக்க ம, ம என்று அடித்தால் 'ம்ம' ஆகிவிடும். முதல் ம-வுக்குப் பின் அ-வை ஒரு தடவை அடித்துவிட்டு அடுத்த ம-வை அடித்தால் சரியாக வரும். ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் போதும், மறக்க மாட்டார்கள்.

இலங்கைக்கு என்று ஒரு தர நியமம் இருக்கிறதே என்று அதிபர் கேட்கலாம். இருக்கிறது. எஸ்.எல்.எஸ். 1326 என்ற 2008ஆம் ஆண்டு நியமம் யுனிகோடையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றிருக்கிறது. அது தட்டச்சுப்பொறி வழியில் வந்தது. பாமினி பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. உங்களுக்கே பாமினி பழக்கம் இருந்தால், அல்லது அந்தச் சேர் மாதிரி யாராவது இன்னும் உங்கள் பாடசாலையில் இருந்தால், அவர்கள் ரெங்கநாதனுக்கோ, யுனிகோடில் பாமினி வரிசையைத் தரும் மென்பொருளுக்கோ மாறுவதுதான் நல்லது. வயதான விரல்களைப் புது வரிசைக்கு இழுக்க வேண்டாம். விசை எதுவானாலும் கோப்பில் விழுவது யுனிகோடாக இருந்தால் எனக்குப் போதும். விசைப்பலகையும் யுனிகோடும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தப் பாதையால் வந்தாலும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லையா, அது மாதிரி.

நிறுவும் விதம். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளிலும் 11இலும் எதையும் தரவிறக்க வேண்டாம். அமைப்புகளுக்குள் நேரமும் மொழியும் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் தமிழ் 99ஐத் தெரிவு செய்யுங்கள். தமிழ் (இலங்கை) என்பதன் கீழ் அது தெரியாவிட்டால் தமிழ் (இந்தியா)வைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அடித்தால் மொழி மாறும். சிங்களத்தையும் அதே இடத்தில் சேர்த்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு எப்படியும் தேவைப்படும். உங்கள் பழைய கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தால் தமிழ் 99 உள்ளே இருக்காது. அதற்கு என்.எச்.எம். ரைட்டர் போதும். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த சின்ன மென்பொருள், தமிழ் 99, பாமினி, பழைய தட்டச்சு எல்லாம் ஒன்றாக இருக்கும். கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளும் இலவசம்தான். இவை எதற்கும் அடிக்கும்போது இணையம் தேவையில்லை. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இது பெரிய விஷயம். அட்டனுக்கு வரும்போது ஒரு தடவை தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனால் முடிந்தது.

அச்சகத்துக்குப் போகும்போது ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்கிறேன். பரிசளிப்பு விழா அழைப்பிதழை யுனிகோடில் அடித்துக்கொண்டு போனால், 'பாமினியில் கொண்டு வாங்க' என்பார்கள். பக்கம் வடிவமைக்க அவர்கள் வைத்திருக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யுனிகோடு தமிழ் தெரியாது. பழைய போட்டோஷொப்பிலும் கொம்பு ஓர் இடம், எழுத்து ஓர் இடமாகச் சிதறும். புதிய பதிப்புகளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் ஒழுங்காக வரும், ஆனால் எல்லா அச்சகத்திலும் அது இல்லை. சண்டை போடாதீர்கள். அதே மாற்றியில் யுனிகோடைப் பாமினியாக மாற்றி அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் மூலப் பிரதி யுனிகோடிலேயே உங்களிடம் இருக்கட்டும்.

பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் கணக்கு நாம் எண்ணுவது மாதிரி இல்லை. 'நாளை பாடசாலை இல்லை' என்பதில் நமக்கு ஒன்பது எழுத்தும் இரண்டு இடைவெளியும். போனுக்கோ அது 18. காலும் ஐகாரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்து அவசரமாக எல்லாருக்கும் அனுப்பும்போது நீளமாக எழுதினால் ஒரு செய்தி மூன்று செய்தியாகப் பிரிந்து மூன்று மடங்கு காசு போகும். சுருக்கமாக எழுதுங்கள், ஆனால் தமிழிலேயே எழுதுங்கள். வாசிப்பவர் பாட்டியாகவும் இருக்கலாம்.

இடாப்பைப் பற்றி இன்னும் ஒன்று. ஊர்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அட்டனா ஹட்டனா, நுவரெலியாவா நுவரேலியாவா, பொகவந்தலாவையா பொகவந்தலாவவா? எது சரி என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒன்றை அடித்துவிட்டு மற்றதைத் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். பிள்ளைகளின் பெயர் மட்டும் உங்கள் முடிவு அல்ல. பிறப்புச் சான்றிதழில் தமிழ் இருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். சிங்களம் மட்டும் இருந்தால் ஊகிக்காமல் தாயையோ தகப்பனையோ கூப்பிட்டுத் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் செலவாகும். எழுத்து வேறுபட்டால் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அதைத் திருத்தும் வழியைப் பெற்றோருக்குச் சொல்லிவிடலாம்.

கடைசியாக, விசைப்பலகையில் தமிழ் எழுத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் குளிரிலும் ஈரத்திலும் இரண்டு தவணைக்குள் மூலை கிளம்பிவிடும், பிள்ளைகள் விசையைப் பார்த்துப் பார்த்தே அடிக்கவும் பழகிவிடுவார்கள். ஒரு பெரிய பிரிஸ்டல் அட்டையில் தமிழ் 99 வரிசையை வரைந்து, உயிருக்கு ஒரு நிறமும் மெய்க்கு ஒரு நிறமும் தீட்டி, கணினிக்கு மேலே சுவரில் மாட்டுங்கள். வரைவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். நடு வரிசையில் இடக்கைக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. முதல் வாரம் இந்தப் பதினொன்றை மட்டும் பழக்குங்கள். அம்மா, அக்கா, தம்பி, பந்து, கதை எல்லாம் அந்த ஒரு வரிசையிலேயே அடித்துவிடலாம். ஆ-வுக்கும் ஐ-க்கும் மட்டும் விரல் மேலே ஏற வேண்டியிருக்கும்.